அண்ணனூரின் கோடை: கடல் ஒரு பக்கம், மலை மறுபக்கம்

அண்ணனூரில் மின்சார ரயில் ஏறி ஒரு பக்கம் போனால் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து கடல் பக்கம்தான். மறுபக்கம் போனால் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் தாண்டி, நகரி மலைகளின் ஓரத்தில் இருக்கும் திருத்தணி. இந்தக் கோடை எப்படி இருக்கும் என்று அண்ணனூரில் யார் கேட்டாலும், பதில் இந்த இரண்டு முனைகளையும் பொறுத்தது. கடற்காற்று சீக்கிரம் வந்தால் ஊர் வியர்க்கும். மேற்கே மலைப்பக்கத்திலிருந்து வரும் காற்று கை ஓங்கினால் ஊர் கொதிக்கும்.

சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். வானிலை ஆய்வுத் துறைக்கோ மார்ச் முதல் மே வரை கோடை. பிப்ரவரி முடிகிற நேரத்தில் இந்த மூன்று மாதத்துக்கான முன்னோட்டத்தை அந்தத் துறை வெளியிடும். அதில் 'வெப்பம் இயல்பைவிடக் கூட வாய்ப்பு' என்று இருக்கும். எந்தத் தேதியில், எந்தத் தெருவில் என்று இருக்காது. 2024-இல் அப்படித்தான் சொன்னார்கள், நடந்தது. ஏப்ரல் கடைசியில் ஊட்டியிலேயே 29 டிகிரி பதிவானது. ஆனால் அடுத்த மூன்று வாரத்துக்குள், மே 17 அன்று, பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயது மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது. சுட்டெரிக்கும் கோடைக்குள்ளும் இப்படி ஒரு மழைக்கு இடம் உண்டு. முன்னோட்டத்தைப் படிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

மாதவாரியாகப் பார்த்தால்

மார்ச்சில் சென்னைப் பக்கம் மழை அபூர்வம். காலையில் சற்று இதம், மதியம் நல்ல வெயில். வடாம் பிழிகிறவர்களுக்கு இதைவிட நல்ல மாதம் கிடையாது.

ஏப்ரலில் சேலம், ஈரோடு, வேலூர், திருத்தணி போன்ற உள் ஊர்கள் காய ஆரம்பிக்கும். அதே வெயில்தான் மலைகளில் மழையாகிறது. காலை முழுக்கச் சூடேறும் மலைச்சரிவில் ஈரக்காற்று மேலே ஏறி, மதியத்துக்குள் மேகம் கோபுரமாக எழும்பும். இரண்டு மணிக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, ஜவ்வாது மலை என எங்கே போனாலும் சுற்றிப் பார்ப்பதைக் காலையில் முடித்துவிடுவது நல்லது. நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாவிட்டாலும், மேலே மலையில் பெய்த மழை ஓடையில் இறங்கி வரும். தண்ணீர் கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதம்தான் நம்முடைய சோதனை. அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். பஞ்சாங்கத்தில் கத்திரி முடிந்தாலும் சென்னையில் வெயில் முடிவதில்லை. காரணம் மேற்குக் காற்று. அது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈரத்தை இழந்து, இறங்கி, காய்ந்த சமவெளியைக் கடந்து அனலாக இங்கே வருகிறது. அந்தக் காற்று வலுக்கும்போது கடற்காற்றால் எளிதில் உள்ளே நுழைய முடியாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே மாதக் கடைசியில்தான். 2023-இல் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பு ஜூன் 12-க்குத் தள்ளிப்போனதும் நினைவிருக்கும்.

எந்த எண்ணைப் பார்ப்பது?

செய்தியில் சொல்லும் 'சென்னை வெப்பநிலை' நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் ஆகிய இடங்களில் அளந்தது. அண்ணனூர் கடலிலிருந்து 15 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. மதியம் கரையில் வீசத் தொடங்கும் கடற்காற்று இங்கே வந்து சேரப் பிந்தும்; சில நாள் மாலை வரை வராது. அந்த மாதிரி நாட்களில் நுங்கம்பாக்கத்தோடு திருத்தணியின் எண்ணையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

'வெப்ப அலை' என்ற சொல்லுக்கும் கணக்கு உண்டு. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலையில் 30; இவற்றைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும்.

போனில் 'மௌசம்' செயலி இருந்தால் வானிலையும், 'தாமினி' செயலி இருந்தால் அருகில் மின்னல் வருகிறதா என்பதும் தெரியும். மே கடைசி, ஜூன் மாலைகளில் மேற்கே மின்னினால் கொடியில் காயும் துணியை எடுத்துவிடலாம். திருப்பதி, நகரி, ராணிப்பேட்டைப் பக்கம் உருவாகும் இடிமேகம் கிழக்கே நகர்ந்து வர வாய்ப்பு உண்டு.

தண்ணீர்

கோடை மழை சூட்டைத் தணிக்கும், ஏரியை நிரப்பாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தின் மொத்தக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. அவற்றை நிரப்புவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழை. ஆகவே கோடையின் தண்ணீர் நிலவரம் டிசம்பரிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில், அண்ணனூர் வழியாக வில்லிவாக்கம் போனது. அது காவிரி நீர். குடகு மலையில் பெய்த மழை. மார்ச் முதல் வாரத்தில் ஏரி நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், வீட்டில் எவ்வளவு சிக்கனம் தேவை என்பது தெரிந்துவிடும்.

வெயிலுக்கு மிகவும் ஆளாகிறவர்கள் வெளியே வேலை செய்கிறவர்கள்தான். கட்டட வேலை, டெலிவரி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கம் தகரக் கூரைப் பட்டறைகள் என எங்கே இருந்தாலும், 12 முதல் 3 மணி வரை கடின வேலையைத் தள்ளிவைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள். மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, ஓ.ஆர்.எஸ். கரைசல் கையில் இருக்கட்டும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயக்கம் வந்தாலோ அது வெறும் களைப்பு இல்லை, வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை ஈரத்துணியால் துடைத்து விசிறி, உடனே 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.