பட்டமளிப்புக்கு மறுநாள் யார் பொறுப்பு?

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டமளிப்பு விழா முடிந்து, அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீடு வரும் பிள்ளைக்குக் கல்முனைக் கரையோரத்தில் ஒரு நீண்ட இடைவெளி தொடங்குகிறது. வர்த்தமானி பார்ப்பது, போட்டிப் பரீட்சைகளுக்கு விண்ணப்பிப்பது, அடுத்த நியமனம் எப்போது என்று வட்ஸ்அப் குழுக்களில் விசாரிப்பது என இரண்டு ஆண்டுகள், மூன்று ஆண்டுகள், சிலருக்கு ஐந்து ஆண்டுகளும் போய்விடுகின்றன. நமது பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் இருக்கின்றன. சுயவிபரக்கோவை எழுதப் பழக்குகிறார்கள், மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துகிறார்கள், தொழிற்சந்தை வைக்கிறார்கள். பெரும்பாலும் இவை இறுதியாண்டு மாணவருக்கானவை. பட்டம் கையில் வந்ததும் அந்தக் கதவு ஏறத்தாழச் சாத்தப்பட்டுவிடுகிறது. ஆனால், வழிகாட்டல் மிக அதிகமாகத் தேவைப்படுவது அந்த நாளுக்குப் பிறகுதான். தொழில் வழிகாட்டல் வேலையைச் செய்தவன் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

யுத்தத்தால் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிக்க முடியாமல் நின்ற மாணவருக்காகத் தொடங்கப்பட்டது தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995 ஒக்டோபரில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. அதற்காக முஸ்லிம் காங்கிரஸின் மறைந்த தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் பட்ட பாட்டை இந்தப் பிரதேசம் மறக்கவில்லை. கலை, முகாமைத்துவத்தில் தொடங்கி இன்று இஸ்லாமிய கற்கைகள், பொறியியல், தொழில்நுட்பம் வரை பீடங்கள் வந்துவிட்டன. படிக்க இடமில்லை என்ற குறை பெருமளவு தீர்ந்தது. படித்து முடித்த பிறகு என்ன என்ற கேள்விக்கு அதே அளவு உழைப்பை நாம் இன்னும் செலவிடவில்லை.

இந்தக் கேள்வி புதியதல்ல. 1971இல் டட்லி சீயர்ஸ் தலைமையில் சர்வதேச தொழில் ஸ்தாபனத்தின் குழு இலங்கையை ஆராய்ந்து, படித்த இளைஞரின் எதிர்பார்ப்பும் நாட்டிலிருந்த வேலைகளும் பொருந்தவில்லை என்று அறிக்கை தந்தது. 1976இல் ரொனால்ட் டோர் சான்றிதழ் மோகத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் இலங்கைக்கென்றே தனி ஆய்வு உண்டு. அன்றிலிருந்து நம் மேடைகளில் ஒரே உபதேசம்தான்: இளைஞர் அரசாங்க உத்தியோகத்தையே நம்பியிருக்கிறார்கள், மனப்பான்மை மாற வேண்டும்.

இந்த உபதேசத்தில் எனக்கு உடன்பாடில்லை. காத்திருக்கக் கற்றுக்கொடுத்ததே அரசாங்கம்தான். 2012இலும் 2020இலும் பல்லாயிரக்கணக்கான பட்டதாரிகள் மொத்தமாகப் பயிலுனர்களாகச் சேர்க்கப்பட்டார்கள். காத்திருந்தவர்களுக்கு நியமனம் கிடைத்தது. 2020இல் இன்னொன்றும் நடந்தது. தனியார் துறையில் ஏதோ ஒரு வேலை செய்ததால் ஊழியர் சேமலாப நிதியில் பெயர் பதிவாகியிருந்த பட்டதாரிகள் முதலில் பட்டியலிலிருந்து தள்ளப்பட்டு, மேன்முறையீடு செய்ய வேண்டிவந்தது. சும்மா இருந்தவருக்கு நியமனக் கடிதம், உழைத்தவருக்கு நிராகரிப்பு. இதைக் கண்ணால் கண்ட தம்பி தங்கைகள் என்ன முடிவுக்கு வருவார்கள்? ஓய்வூதியமும் ஊரோடு இருக்கும் வசதியும் சேர்ந்தால், காத்திருப்பது சோம்பல் ஆகாது. கணக்குப் பார்த்து எடுத்த முடிவு.

அந்தக் கணக்கு இன்று மாறிவிட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதன் பிறகு அரச சேவையைச் சுருக்குவதே கொள்கையானது. பழையபடி ஆயிரக்கணக்கில் அள்ளிச் சேர்க்கும் நியமனத்தை நம்பி இளமையின் நல்ல ஆண்டுகளைக் கொடுக்கச் சொல்ல எந்த ஆலோசகருக்கும் உரிமையில்லை. ‘அரச வேலையை மறந்துவிடு’ என்று சொல்லவும் தேவையில்லை. பரீட்சை வந்தால் எழுதட்டும். வரும்வரையுள்ள காலம் வீணாகாமல் பார்ப்பதுதான் ஆலோசகரின் வேலை.

அது எப்படி என்பதற்கு ஓர் உதாரணம். புவியியல் சிறப்புப் பட்டம் பெற்ற ஒரு பிள்ளை கோப்போடு வந்தாள். எல்லாச் சான்றிதழும் லெமினேட் செய்யப்பட்டிருந்தன. சுயவிபரக்கோவையில் ‘அனுபவம்’ என்ற இடம் வெறுமை. “இரண்டு வருஷமா என்ன மகள் செய்றீங்க?” என்று கேட்டதற்கு, “சும்மாதான் சேர் இரிக்கன்” என்றாள். பேச்சு நீண்டபோது மெல்லச் சொன்னாள்: “பின்னேரத்துல சாச்சாட மில்லுல கணக்குப் பார்க்கன்.” அறுவடைக் காலத்தில் வரும் நெல்லின் மூடை எடை, ஈரப்பதனுக்குக் கழிக்கும் கிலோ, விவசாயிக்குக் கொடுத்த முற்பணம், வங்கிக் காசோலை எல்லாவற்றையும் எக்செல்லில் அவள்தான் வைத்திருந்தாள். இரண்டு போகங்களின் கொள்வனவுக் கணக்கு அவள் கையில். இதைத்தான் அவள் ‘சும்மா’ என்றாள். சம்பளச் சிட்டையும் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை என்பதால் அவளுக்கே அது வேலையாகத் தெரியவில்லை. நான் செய்ததெல்லாம் அந்த வேலையை வரிவரியாக எழுதவைத்ததும், சாச்சாவிடம் ஒரு கடிதம் வாங்கச் சொன்னதும்தான்.

இங்கேதான் நமது பிரதேசத்தின் முடிச்சு இருக்கிறது. கல்முனை வியாபார நகரம். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் நெல்லும் அரிசி ஆலைகளும், மருதமுனையில் கைத்தறி, கடலோரமெங்கும் மீன். வேலை இல்லாத ஊர் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் எழுத்தில் இல்லாத வேலையே அதிகம். கடிதமில்லாவிட்டால் அனுபவத்தை நிரூபிக்க முடியாது. அனுபவமில்லாவிட்டால் கொழும்பு நிறுவனம் அழைக்காது. நமது முதலாளிமார் ஒரு பட்டதாரியை எடுத்தால் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். சேமலாப நிதிக்குச் சட்டப்படி தொழில்கொள்வோர் கட்டவேண்டிய 12 சதவீதத்தையும் கட்ட வேண்டும். இதைப் போய்க் கேட்பதும் ஆலோசகரின் கடமையே. 1908இல் பொஸ்டனில் தொழில் வழிகாட்டலைத் தொடங்கிவைத்த பிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்று மூன்று படி வைத்தார். நாம் முதற்படிக்குப் பயிற்சிப்பட்டறை வைக்கிறோம். இரண்டாம் படிக்கு ஆலைக்கும் கடைக்கும் நேரில் போயாக வேண்டும்.

குடும்பத்தை அறியாமல் சொல்லும் ஆலோசனையும் பலிக்காது. மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வழக்கம். தங்கச்சியின் வீட்டுக்குக் கல்லும் சீமெந்தும் வாங்க வேண்டிய மூத்தவனிடம், கொழும்பில் ஆறு மாதம் சம்பளமில்லாத உள்ளகப் பயிற்சிக்குப் போ என்றால் அவன் கட்டாருக்குத்தான் போவான். பெண் பிள்ளைக்கு வேறு சுவர். ரயில் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. கல்முனையிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுக்க பஸ். தங்க நம்பகமான இடம் இல்லாமல் எந்த உம்மாவும் அனுப்பமாட்டா. கொழும்பில் ஒரு பாதுகாப்பான பெண்கள் விடுதியும், வீட்டிலிருந்தே செய்யக்கூடிய கணக்கியல், மொழிபெயர்ப்பு, தரவு வேலைகளுக்கான பயிற்சியும் ஆயிரம் ஊக்கமூட்டும் உரைகளுக்கு மேல்.

இதற்கான பணமும் அறிவும் நம்மிடமே இருக்கின்றன. பழைய மாணவர் சங்கங்களுக்கு இங்கே குறைவில்லை. வளைகுடா நாடுகளிலும் கிளைகள் உண்டு. நுழைவாயில் கட்டவும் மண்டபம் திருத்தவும் தாராளமாகக் கொடுக்கிறார்கள். அதே சங்கத்தில் டோஹாவில் கணக்காளராகவும் ரியாத்தில் கணிய அளவையாளராகவும் (கியூ.எஸ்.) இருப்பவர்கள், தங்கள் துறைக்கு வர விரும்பும் ஒரு பட்டதாரிக்கு ஓராண்டு கைகொடுத்தால் போதும். எந்தத் தொழிற்தகைமையை முதலில் முடிப்பது, பட்டத்தை எங்கே அத்தாட்சிப்படுத்துவது, எந்த முகவரை நம்பக் கூடாது என்பதெல்லாம் நடந்து போனவருக்குத்தான் தெரியும்.

ஆகவே, கேட்பவை மூன்று. முதலாவதாக, தொழில் வழிகாட்டல் அலகின் பொறுப்பு பட்டமளிப்புக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டுக்கு நீள வேண்டும். அதற்கு முழுநேர ஆலோசகர்கள் வேண்டும், விரிவுரையாளரின் மேலதிக வேலையாக இது நடக்காது. இரண்டாவதாக, ஒலுவிலோடு நில்லாமல் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவிலில் வாரம் ஒரு நாளாவது ஆலோசகர் உட்கார வேண்டும். வேறு பல்கலைக்கழகத்தில் படித்து ஊர் திரும்பிய பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும். மூன்றாவதாக, சிங்களமும் ஆங்கிலமும் பேசப் பழக்கும் வகுப்பு அந்த மூன்று ஆண்டுக்குள்ளும் தொடர வேண்டும். மாவட்டத்தின் கச்சேரியே அம்பாறை நகரில் சிங்களச் சூழலில் இருக்கும்போது இதைத் தள்ளிப்போட முடியாது.

ஒரு பல்கலைக்கழகத்தை எத்தனை பேருக்குப் பட்டம் கொடுத்தது என்று மட்டும் அளந்தது போதும். மூன்று ஆண்டுக்குப் பின் அவர்கள் எங்கே, என்ன செய்கிறார்கள் என்று கேட்டால், பெயர் பெயராகப் பதில் சொல்ல அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்திருப்பவரே உண்மையான தொழில் ஆலோசகர். அப்படியொருவரைக் கேட்டு வாங்குவது இந்தக் கரையோரத்தின் பெற்றோருக்கும், பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும், அரசியல்வாதிகளுக்கும் உள்ள கடமை.