பொல்லுக்கு விலை போடாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வாசிக்காமல் கீழே வந்து சண்டை பிடிக்க வேண்டாம். வாசித்துவிட்டுப் பிடியுங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் நாலாவது விடயம் 'பொல்லடிக் குழுவை வருமானம் ஈட்டும் செயற்பாடாக மாற்றுதல்'. விளங்கும்படி சொன்னால், எங்கள் பிள்ளைகள் 12 பேரையும் கலியாண வீட்டுக்கும் கடை திறப்புக்கும் அரசியல்வாதி வரவேற்புக்கும் வாடகைக்கு விடுவது. ஒரு தடவைக்கு 40,000 ரூபா. பாதி பாடசாலைக்கு, பாதி பிள்ளைகளுக்கு.

நாங்கள் இதை எதிர்க்கிறோம். நாங்கள் என்றால் பொல்லடிக்குப் பொறுப்பாக நிற்கும் மூன்று ஆசிரியர்கள். 'இந்த சேர்மாருக்கு ஏழைப் பிள்ளைகள் நாலு காசு பார்ப்பது பொறுக்கவில்லையா?' என்று ஒரு சகோதரர் குழுமத்தில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் இந்தக் குழு எப்படி வந்தது என்று தெரியாதவர்களுக்கு. ஐந்து வருடத்துக்கு முன் மீலாத் போட்டிக்கு வெளியூரிலிருந்து ஒரு பயிற்றுவிப்பாளரைக் கூலிக்குப் பிடித்தோம். பத்து நாள் வந்தார். பெனில் ஒரு பாட்டைப் போட்டார், அதற்கு அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். போட்டி முடிந்தது, அவரும் போனார், பிள்ளைகளும் மறந்தார்கள். அந்தப் போட்டியைப் பார்க்க வந்திருந்த ஒரு முதியவர் மேடைக்குப் பின்னால் வந்து, "மகன், பொல்லு அடிபடுது, பாட்டு எங்க?" என்று கேட்டார். கரைவலைக்குப் போய்க் குடும்பம் நடத்தியவர். ஒரு காலத்தில் இந்தக் கரையில் பேர் சொன்ன அண்ணாவியார். எங்கள் பாடசாலையிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி அவர் இருந்தார், எங்களுக்குத் தெரியவில்லை. வெட்கம்தான்.

அடுத்த வியாழன் அசருக்குப் பிறகு சைக்கிளில் வந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் வருகிறார். முதல் மூன்று கிழமை பொல்லையே கொடுக்கவில்லை. கைதட்டு, கால்வைப்பு, பாட்டு. காலும் வாயும் ஒன்றாகாதவன் கையில் பொல்லைக் கொடுத்தால் பக்கத்தில் நிற்பவனுடைய விரல் போகும் என்பார். பொல்லடி பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் சொல்வது பகிடி இல்லை. அண்ணாவியார் ஒரு அடி பாட வேண்டும், ஆடுபவர்கள் வாங்கிப் பாட வேண்டும். வட்டம் உள்ளே வெளியே என்று பிரிந்து சேர வேண்டும். மெதுவாகத் தொடங்கி, அவர் குரல் ஏற ஏற அடி நெருங்க வேண்டும். ஒலிநாடா அதைச் செய்யாது. ஒருவன் பிந்தினால் ஒலிநாடா அவனுக்காக நிற்காது. அண்ணாவியார் நிற்பார். அதே அடியை இன்னொரு தரம் பாடி அவனை உள்ளே எடுத்துக்கொள்வார்.

அப்படி உள்ளே எடுக்கப்பட்ட ஒரு பிள்ளை எங்கள் குழுவில் இருக்கிறான். தாளம் பிடிபட ஏழு மாதம் எடுத்தான். இன்று அவன்தான் புதிதாக வரும் தரம் 7 பிள்ளைகளுக்குக் கால் சொல்லிக் கொடுக்கிறான். 40,000 ரூபா வாங்குகிற குழுவில் அவனுக்கு ஏழு மாதம் யார் கொடுப்பார்? ஏழு நாள் கொடுப்பார்களா?

விலை போட்டால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் கற்பனையில் சொல்லவில்லை. ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டோம். போன வருடம் ஒரு பெரிய கலியாண வீடு 18,000 ரூபா தருவதாகச் சொன்னது. பிள்ளைகளின் உடுப்புக்கு உதவும் என்று நாங்களும் தலையாட்டினோம். நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். ஒன்பது மணிக்குத்தான் மாப்பிள்ளை வந்தார். வீடியோக்காரர் ஆறு நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றார். காப்புப் பாட்டை வெட்டச் சொன்னார், அது மெதுவாக இருக்கிறதாம். அல்லாஹ்வையும் ரசூலையும் சொல்லித் தொடங்குகிற பாட்டு! அண்ணாவியார் ஒன்றும் பேசவில்லை. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு பிள்ளைகளுக்குச் சாப்பாடு பந்தலுக்குப் பின்னால், பார்சலில்.

அதற்கு இரண்டு மாதம் முன் ஒரு மீன் வியாபாரியின் மகள் கலியாணத்துக்குக் காசில்லாமல் போனோம். அங்கே மாப்பிள்ளையின் வாப்பாவே எழுந்து வந்து பிள்ளைகளைச் சஹனில் இருத்தினார். ஆறு ஆறு பேராக இரண்டு சஹன். அண்ணாவியாருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றியவர் மணமகளின் மூத்தப்பா. ஒரே ஆட்டம், ஒரே பிள்ளைகள். ஒரு வீட்டில் விருந்தாளி, மற்ற வீட்டில் சவுண்ட்காரர், கதிரைக்காரர் மாதிரி ஒரு ஆள். கூலி கொடுத்தவனுக்கு அப்படித்தான் தோன்றும், அவனைக் குறை சொல்லியும் பயனில்லை.

கதை அதோடு முடியவில்லை. 18,000-ஐப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 1,500. உடுப்புக்கு என்று வாங்கிய காசைப் பிரிக்கச் சொன்னதே பெற்றோர்தான். முன்வரிசையில் பாடுகிற மகனுக்கு ஏன் மற்றவர்கள் அளவுதான் என்று ஒரு வாப்பா வந்து கேட்டார். காய்ச்சலில் வராத பிள்ளையின் உம்மா, ஐந்து வருடம் பழகியதற்குப் பங்கில்லையா என்று கேட்டார். இரண்டு பேர் கேட்டதும் சரி. அதுதான் பிரச்சினை. ஒரு கிழமை இரண்டு பிள்ளைகள் முகம் பார்க்கவில்லை. ஒருவன் அடிக்க மற்றவன் ஏந்த வேண்டிய ஆட்டம் இது.

கேரளத்தைப் பாருங்கள். மாப்பிளா முஸ்லிம்களின் கோல்களியும் தஃப்முட்டும் ஒப்பனையும் அங்கே பாடசாலைக் கலோத்ஸவத்தில் போட்டி அம்சங்கள். அந்த விழா 1957-இல் தொடங்கியது, இன்று ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வருகிறார்கள். கலை அழியவில்லை, அது உண்மை, அதை மறைக்க மாட்டோம். ஆனால் பயிற்றுவிப்புக்கும் உடுப்புக்கும் பெற்றோர் கடன்படுவதும், முடிவை எதிர்த்து நீதிமன்றம் வரை மேன்முறையீடு போவதும் அங்கே வருடா வருடம் செய்தி. புள்ளியும் காசும் சேர்ந்தால் பிள்ளை ஆடுகிறானா, பெற்றோரின் முதலீடு ஆடுகிறதா என்று பிரிக்க முடியாமல் போகிறது.

இப்போது மறுபக்கம். காசு வாங்கிப் பாடுவது இழிவு என்று நாங்கள் சொல்லவே இல்லை. 2015-இல் மௌத்தான நாகூர் ஹனீபா பாட்டையே தொழிலாக வைத்திருந்தவர். அவர் குரலில் காதல் இல்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? வளர்ந்த மனிதர், தன் தொண்டையை நம்பித் தானே எடுத்த முடிவு. தரம் 9 பிள்ளைக்கு நாங்கள் கூட்டம் போட்டு விலை குறிப்பது அதுவல்ல.

பக்கீர் பாவாமார் றபான் தட்டிப் பாடி வாசலுக்கு வரும்போது எங்கள் உம்மாமார் அரிசி கொடுத்தார்கள், சில்லறை கொடுத்தார்கள். அது ஹதியா. இவ்வளவு தந்தால்தான் றபானைத் தட்டுவேன் என்று அவர்கள் சொன்னதில்லை. வயல் காவலில் பரணில் இருந்து கவி படித்தவனுக்கும் அருவி வெட்டில் பாடியவளுக்கும் யாரும் பாட்டுக்கென்று கூலி அளக்கவில்லை. நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றவர்கள் அலைந்து தொகுத்த கவிகள் எல்லாம் அப்படிச் சும்மா பாடியவர்களின் வாயிலிருந்து வந்தவை.

(பாட்டே கூடாது என்று எழுத வருகிற தம்பிமாருக்கு: பெருநாள் அன்று ஆயிஷா நாயகியின் வீட்டில் சிறுமிகள் பாடியதும், நபியவர்கள் அவர்களை விட்டுவிடச் சொன்னதும் புகாரியில் இருக்கிறது. உலமாக்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினோம். அந்த விவாதம் இங்கே வேண்டாம்.)

ஆனால் எங்களையும் குற்றம் சொல்ல வேண்டும். 'அவர் ஆசைக்குச் செய்கிறார்' என்ற சொல்லை வைத்து அண்ணாவியாரை ஐந்து வருடமாக நாங்கள் சுரண்டியிருக்கிறோம். வேறு சொல் இல்லை. சைக்கிள் டயர் தேய்ந்தபோது கேட்கவில்லை. கண்ணில் வெண்படலம் எடுத்தபோது அப்பிளும் பிஸ்கட்டும் கொண்டு போய்ப் படம் எடுத்துப் போட்டோம். அந்த மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று கேட்கவில்லை. விழாவுக்கு விழா பொன்னாடை போர்த்தினோம். "ஏழு கிடக்கு மகன், கதவுக்குத் திரை போடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். காதலுக்குச் செய்பவருக்குப் பசிக்காது என்று நினைக்கிற ஊர், பிறகு அவர் கற்பித்ததை 40,000-க்கு விற்கக் கூட்டம் போடுகிறது. அந்தப் பிரேரணையில் பாடசாலைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. அவருக்கு எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். ஒரு சதமும் இல்லை. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர் ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளிக்கிழமை நாங்கள் மாற்றுப் பிரேரணை வைக்கிறோம். அண்ணாவியாருக்கு அபிவிருத்திச் சங்கக் கணக்கிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை, பயிற்றுவிப்பாளர் என்ற பெயரில், கையெழுத்து வைத்து வாங்குவதாக. அந்த வெளியூர்க்காரருக்குப் பத்து நாளைக்குக் கொடுக்க முடிந்ததென்றால் இவருக்கும் முடியும். உடுப்பும் பொல்லும் பழைய மாணவர்கள் பொறுப்பு, நான்கு பேர் ஏற்கனவே ஒத்துக்கொண்டார்கள். குழு மாதம் இரண்டு கலியாணத்துக்குப் போகும், கேட்ட ஒழுங்கில். பணக்கார வீடு, குடிசை வீடு என்று பார்ப்பதில்லை. காப்புப் பாட்டு வெட்டப்படாது. பிள்ளைகளைச் சபையில் இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் மனமுவந்து எதுவும் தந்தால் அது அண்ணாவியார் கையில். கடை திறப்புக்கும் கட்சி மேடைக்கும் போவதில்லை.

வீட்டில் கஷ்டம் உள்ள பிள்ளைகள் எங்கள் குழுவில் மூன்று பேர். எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு உதவுவது ஸகாத் நிதியின் வேலை, பள்ளி நிர்வாகத்திடம் போன கிழமை எழுத்தில் கொடுத்துவிட்டோம். ஒரு பிள்ளையின் பசியை அவன் பொல்லைக் காட்டித்தான் ஊர் தீர்க்க வேண்டுமா?

கூட்டத்துக்கு வாருங்கள். பெற்றோர் கட்டாயம் வாருங்கள், எதிர்ப்பவர்களும் வாருங்கள். அதற்கு முதல் நாள், வியாழன் அசருக்குப் பிறகு, மைதானத்தில் பழக்கம் இருக்கிறது. ஒருக்கா வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வரும்போது யாரிடமாவது நல்ல வைரம் பாய்ந்த மரத்துண்டு இருந்தால் கொண்டு வாருங்கள். இரண்டு சோடிப் பொல்லு வெடித்துப் போய்க் கிடக்கிறது, அண்ணாவியார் தானே சீவித் தருகிறேன் என்றிருக்கிறார்.