ஊர்க்கோழிக்கு வைத்தியர் எங்கே?

மாடு நோயுற்றால் வைத்தியருக்கு ஆள் அனுப்புகிறோம். ஆடு நோயுற்றால் அயலிலே கைமருந்து கேட்கிறோம். கோழி நோயுற்றால் என்ன செய்கிறோம்? கறிக்குச் சட்டி வைக்கிறோம். அல்லது சைக்கிளில் வரும் வியாபாரிக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். இரண்டுக்கும் முந்திக்கொண்டு அது செத்துவிட்டால், வேலிக்கு அப்பால் வீசிவிட்டு விதியை நோகிறோம். கோழிக்கும் வைத்தியம் உண்டு, அதைப் பெறும் உரிமை அதை வளர்ப்பவருக்கு உண்டு என்ற எண்ணம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இது அற்பச் சங்கதி என்று கருதிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வயலின் வருமானம் கடன்காரனுக்கும் உரக்கடைக்கும் போகிறது. கோழியின் வருமானம் நேரே அடுப்படிக்கு வருகிறது. அது வீட்டுப் பெண்ணின் கையில் தங்கும் காசு. முட்டை விற்ற காசில் கொப்பியும் பென்சிலும் வாங்கித் தந்த தாய்மாரின் பிள்ளைகள்தாம் இன்று நம்மிடையே வைத்தியராகவும் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் விளங்குகின்றனர். 1983 முதல் 2009 வரை நீடித்த போர் எத்தனையோ குடும்பங்களைத் தாயின் தனித்த உழைப்பில் விட்டுச் சென்றது. அத்தகைய வீடுகளில் முற்றத்துக் கோழிதான் சேமிப்புப் புத்தகம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அதுதான் பஸ் காசு.

2022இல் நாடு பொருளாதாரப் படுகுழியில் வீழ்ந்தபோது நடந்ததை நாம் மறக்கலாகாது. இறக்குமதித் தீவனத்தை நம்பிய பெரிய பண்ணைகள் தள்ளாடின. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு இலங்கை வந்தது. ஊர்க்கோழியோ தீவனக் கப்பலை எதிர்பார்ப்பதில்லை. இலங்கைக் கிராமங்களில் ஊர்க்கோழிகளின் இரைப்பையை ஆராய்ந்து 1993இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வின்படி, அவை உண்டதில் 70 வீதத்துக்கு மேற்பட்டது வீட்டுக் கழிவுணவே. எஞ்சியவை புல், புழு பூச்சி, சிந்திய நெல். நாம் எறிவதைத் தின்று நமக்கு முட்டை தரும் பிராணி இது. அதைச் சாகவிடுவது எந்தப் பொருளாதாரம்?

அது எதனால் சாகிறது? குஞ்சுப் பருவத்தில் காகமும் பருந்தும் கீரியும் கொண்டு போகின்றன. அதற்குக் கரப்பும் கவனமும் போதும். ஆனால் வளர்ந்த கோழிகளை ஒரு வாரத்தில் ஊரோடு துடைத்துச் செல்லும் எமன் ஒன்று உண்டு. அதுதான் இராணிக்கேத் நோய். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாத் தீவிலும் முதலில் இனங்காணப்பட்டது. 1927இல் வட இந்திய மலையூராகிய இராணிக்கேத்தில் தலைகாட்டி, நம் பக்கத்தில் அப்பெயரையே பெற்றது. கோழி தூங்கி விழும், பச்சையாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும், கழுத்து முறுகும், கால் இழுக்கும். தடுப்பு மருந்து பெறாத கூட்டத்தில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு சாவது வழக்கம்; சில வேளை ஒன்றும் மிஞ்சாது. இது வைரசு நோய். வந்தபின் மாற்ற மருந்தில்லை. மனிதருக்கு எழுதிக் கொடுத்த குளிசையைக் கரைத்து ஊற்றுவதும், அன்ரிபயோட்டிக் தூளைத் தூவுவதும் காசுக்குக் கேடு. ஆனால் வருமுன் காக்க மருந்து உண்டு. பல பத்தாண்டுகளாகவே உண்டு.

பின் ஏன் நம் கோழிகள் சாகின்றன? மருந்து உண்டு, முற்றத்துக்கு அது வருவதில்லை. இதுவே நோயின் வேர்.

மீள்குடியேற்றத்தின் பின் வன்னியெங்கும் வாழ்வாதார உதவியாகக் கோழிகள் வழங்கப்பட்டன. நல்ல நோக்கந்தான். குஞ்சு கொடுக்க விழா எடுத்தனர், மாலை சூட்டினர், படம் பிடித்தனர். ஆறு மாதம் கழித்து அக்குஞ்சுகளுக்குத் தடுப்பு மருந்து இட்டது யார் என்று கேட்டால் பல ஊர்களில் விடை இராது. வேலி இல்லாத தோட்டத்தில் கன்று நடுவதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை? கோழியைக் கொடுப்பது உதவியன்று. கோழியை உயிரோடு வைத்திருக்க வழி செய்வதே உதவி.

இதற்குக் கால்நடை வைத்தியர்களைக் குறை கூறுவது அறிவுடைமையாகாது. பெரும்பாலும் ஒரு பிரதேச செயலாளர் பிரிவுக்கு ஒரு கால்நடை வைத்தியர் பணிமனைதான் இருக்கிறது. மாடுகளுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல், கால்வாய் நோய்த் தடுப்பூசி, விலங்குகளைக் கொண்டு செல்ல உறுதிப் பத்திரம், இவற்றோடு கோப்புகளும் கூட்டங்களும் என அவர் தலையில் உள்ள சுமை கொஞ்சமன்று. பத்துக் கோழி வளர்க்கும் ஒருத்தியின் முற்றத்துக்கு அவர் நாலு மாதத்துக்கு ஒருமுறை வருவார் என எதிர்பார்ப்பது நடக்கக்கூடியதன்று.

மருந்தும் பண்ணைக்காரனுக்கென்றே அளந்து வைத்ததுபோல் இருக்கிறது. ஐந்நூறு, ஆயிரம் கோழிகளுக்கான அளவில் குப்பி வருகிறது. தொழிற்சாலையிலிருந்து முற்றம் வரை குளிரில் வைக்க வேண்டும். கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். பங்குனி வெயிலில் ஐஸ் பெட்டியோடு இருபது கட்டை தூரம் சைக்கிள் மிதித்து ஒருவர் வந்தாலும், ஊரார் ஒன்றுகூடாவிட்டால் குப்பியில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான்.

இந்தச் சிக்கலுக்கு உலகம் விடை கண்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோ முன்னின்று, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தை உருவாக்கினார். வி-4 என்ற வகை 1980களில் மலேசியக் கிராமங்களில் பரீட்சிக்கப்பட்டது. பின்னர் வந்த ஐ-2 என்ற வகையை ஏழை நாடுகள் தாமே தயாரித்துக்கொள்ளும்படி அதன் மூலவித்தை இலவசமாக அளித்தனர். இதற்கும் நிழலும் கவனமும் வேண்டும்; ஆயினும் பாதையில் சில மணி நேரம் குளிர் குறைந்தால் பாழாகிவிடும் மருந்து அல்ல இது. ஊசியும் வேண்டியதில்லை. கோழியின் கண்ணில் ஒரு துளி; குஞ்சுக்கும் சேவலுக்கும் அதே துளி. உள்நாட்டுப் போரில் நொந்து 1992இல் அமைதி கண்ட மொசாம்பிக் நாட்டில், வைத்தியர் போக முடியாத கிராமங்களிலும் பயிற்சி பெற்ற ஊரவரே இதை இட்டு வருகின்றனர். அவர்களுள் பெண்கள் பலர். போரில் நொந்த அந்த நாட்டுக் கிராமத்துக்கு முடிந்தது, நம் கிராமத்துக்கு முடியாதா?

அந்நிய நாட்டு உதாரணம் வேண்டாமென்பார்க்கு நம் நாட்டு உதாரணமே உண்டு. இராணிக்கேத் நோய் இனங்காணப்பட்ட அதே 1926இல், களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. பிரசவத்துக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் டாக்டர் வர வேண்டும் என்று அன்று எவரும் கூறவில்லை. ஊருக்கு ஒரு மருத்துவிச்சியைப் பயிற்றி, அவளுக்கு மேலே வைத்தியரை வைத்தனர். இன்று தாய் சேய் மரணத்தைக் குறைத்த நாடென்று உலகம் இலங்கையை மெச்சுகிறதென்றால், அதில் பெரும் பங்கு குடைபிடித்து வீடு வீடாக நடந்த அந்த மருத்துவிச்சிகளுக்கே உரியது. தாய்க்குப் பொருந்திய முறை தாய்க்கோழிக்குப் பொருந்தாதோ?

ஆகவே நாம் கோருவது இதுதான். ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவிலும் கோழி வளர்க்கும் பெண்களுள் ஒருவரைத் தெரிந்து பயிற்சியளிக்க வேண்டும். தை, வைகாசி, புரட்டாதி என ஆண்டுக்கு மூன்று முறை நாள் குறிக்க வேண்டும். கோயில் திருவிழாவைப் போல் அந்த நாள் மாறக் கூடாது. கோழிகள் கூட்டை விட்டு இறங்குமுன் விடியற்காலையில் அவர் வீடு வீடாகச் சென்று துளி இட வேண்டும். வெப்பந்தாங்கும் மருந்து கிராமத்து அளவுக்கேற்ற சிறு குப்பிகளில் தவறாது கிடைக்கக் கன்னொறுவையில் உள்ள ஆராய்ச்சி நிலையமும் மாகாணத் திணைக்களமும் ஒழுங்கு செய்ய வேண்டும். ஒரு கோழிக்கு ஒரு சிறு கட்டணம் அறவிடலாம்; அது ஒரு முட்டையின் விலையைத் தாண்டக் கூடாது. இலவசமாக ஒருமுறை வந்து பின் மூன்றாண்டு வராத மருந்தைவிட, காசுக்கு ஆண்டுதோறும் வரும் மருந்து மேலானது. எத்தனை கோழிக்கு இட்டார், எங்கே கோழி சாகிறது என்ற கணக்கை அவர் மாதந்தோறும் கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். நோய் எங்கே தலைகாட்டுகிறது என்பதை அறிய வைத்தியருக்கு அதைவிடச் சிறந்த கண் வேறில்லை.

பயிலாதவர் கையில் மருந்தா, 1956ஆம் ஆண்டின் கால்நடை வைத்தியர் சட்டம் இதற்கு இடந்தருமா என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. நோயறிந்து மருந்து எழுதும் அதிகாரத்தை நாம் எவருக்கும் பங்கிடச் சொல்லவில்லை. பதிவு பெற்ற வைத்தியரின் பணிப்பின்கீழ், ஒரு நோய்க்கு, ஒரு மருந்தை, ஒரு துளி இடுவதற்கே ஆள் கேட்கிறோம். இதனால் வைத்தியரின் மதிப்புக் குறையாது, கை நீளும்.

மக்களிடம் உண்மையையும் சொல்ல வேண்டும். இந்தத் துளி இராணிக்கேத்தை மட்டுமே தடுக்கும். அம்மையையும் பூச்சி நோயையும் தடுக்காது. நோய் தொற்றிய கோழியை இது காப்பாற்றாது. குளோரின் கலந்த நீரில் கரைத்தால் மருந்து பயனிழக்கும். இவற்றை முன்னரே சொல்லாவிட்டால், துளி இட்ட மறுவாரம் வேறொரு நோயில் நாலு கோழி செத்ததும், மருந்தே கொன்றதென்ற பேச்சு ஊரெங்கும் பரவும். அடுத்த முறை எந்தப் படலையும் திறவாது.

அதிகாரம் யாரிடம் உள்ளது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம், மாகாணத்துக்குள் கால்நடைகளைப் பேணுதலையும் விலங்கு நோய்த் தடுப்பையும் மாகாண சபைப் பட்டியலிலே வைத்திருக்கிறது. கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய விடயமன்று இது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இலும் வடக்கினது 2018இலும் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன என்பது உண்மை. ஆனால் சபை கலைந்தாலும் திணைக்களம் கலையவில்லை. உத்தியோகத்தர் உளர், கட்டடம் உண்டு. அதிகாரங்கள் போதாவென்று நாம் வாதாடுவது நியாயமே. ஆனால் கையிலுள்ள அதிகாரத்தால் ஓர் ஏழைப் பெண்ணின் கோழியைக்கூடக் காக்காதவர்கள், மேலும் அதிகாரம் கேட்கும்போது அந்தப் பெண் என்ன நினைப்பாள்?

விவசாயப் பெருமக்களே! உங்கள் பங்கும் உண்டு. புதிதாக வாங்கிய கோழியை இரு வாரம் தனியே அடைத்து வையுங்கள். செத்த கோழியைக் குளத்திலோ வெளியிலோ வீசாது ஆழப் புதையுங்கள். நோய் கண்ட கோழியை விற்காதீர்கள்; இன்று நீங்கள் விற்கும் நோய் நாளை அயலூரின் கண்ணீர்.

கற்ற பெருமக்களே! உங்களைப் படிக்க வைத்த முட்டைக் காசை நினைத்துப் பாருங்கள். பிரதேச அபிவிருத்திக் கூட்டங்களில் வீதியும் மண்டபமும் கேட்கும்போது, கோழிக்குத் துளிமருந்தும் கேளுங்கள். ஊர்ச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் வரும் தை மாதத்துக்கு முன்னரே தங்கள் பகுதிக் கால்நடை வைத்தியரைச் சந்தித்து, துளி இடும் ஒருவரைப் பயிற்றித் தருமாறு எழுத்தில் கேட்கட்டும். ஒரு துளி மருந்துக்கு ஓர் ஊர் ஒன்றுபட முடியாதென்றால், வேறெதற்கு ஒன்றுபடப் போகிறோம்?