பழம் புடவையும் புதுப் பரிசும்

கல்யாணப் பந்தலில் பரிசு கொடுக்கும் வரிசையைச் சற்று ஒதுங்கி நின்று பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கியிருக்கும். கொடுப்பவருக்குத் தாம் கொடுப்பது இன்னதென்று பாதிதான் தெரியும். கடைக்காரர் பளபளக்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பொட்டலம் அது. வாங்குபவருக்கோ அதுவும் தெரியாது. மறுநாள் பொட்டலங்களைப் பிரிக்கும்போது நாலு சுவர்க் கடிகாரங்களும், அரை டஜன் கண்ணாடிக் கிண்ணங்களும் வெளிப்படும். அவற்றில் இரண்டொன்று அடுத்த முகூர்த்தத்தில் வேறொரு பந்தலுக்குப் பிரயாணமாகும். இதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. அவசர உலகத்தில் இப்படித்தான் நடக்கும். எனினும், தம் கையாலேயே ஒரு தலையணை உறையோ, வாசல் தோரணமோ, சுருக்குப் பையோ தைத்துக் கொடுக்கும் ஆசை நம் குடும்பங்களில் பலருக்கு இப்போது உண்டாகியிருக்கிறது. அந்த ஆசையைப் பற்றியே இந்த வாரம் பேச உத்தேசம்.

கையால் செய்த பரிசு என்றதும் நமக்கு 1947-ஆம் வருஷத்து நவம்பர் மாதம் ஞாபகம் வருகிறது. இங்கிலாந்து இளவரசி எலிசபெத்துக்கு அம்மாதம் 20-ந் தேதி லண்டனில் விவாகம். மகாத்மா காந்தியோ தமக்கென்று உடைமை எதுவும் வைத்துக்கொள்ளாதவர். அவர் என்ன கொடுப்பது? தாமே ராட்டையில் நூற்ற நூலைக் கொண்டு ஒரு பின்னல் துணி செய்வித்து அனுப்பினார். அதன் நடுவே 'ஜய் ஹிந்த்' என்ற எழுத்துக்கள் பின்னப்பட்டிருந்தன. மௌண்ட்பேட்டன் பிரபு அதை லண்டனுக்கு எடுத்துச் சென்றார். மணப்பெண்ணின் பாட்டியாரான மேரி மகாராணி அதைக் காந்திஜியின் இடுப்புத் துணி என்று எண்ணி முகம் சுளித்ததாக ஒரு கதை உண்டு. சுளித்தால் சுளிக்கட்டும்! பெட்டி பெட்டியாகக் குவிந்த வைரத்துக்கும் வெள்ளிக்கும் நடுவே, கொடுத்தவரின் கைநேரம் முழுவதும் அடங்கிய பொருள் அதுபோல் வேறு எத்தனை இருந்திருக்கும்? அந்தத் துணி அரச குடும்பத்தின் சேமிப்பில் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

நம் வீட்டுக்கு வருவோம். தையலைப் பொழுதுபோக்காகக் கொள்ள விரும்பும் சகோதரி முதலில் என்ன செய்கிறார்? கடைக்குப் போகிறார். புதுத் துணி, புது நூல், மணி, ஜிகினா, ஊசிப் பெட்டி என்று ஒரு மூட்டை வந்து சேர்கிறது. மூன்று மாதம் கழித்து அந்த மூட்டை பரண்மேல் ஏறிவிடுகிறது. இவ்வளவுக்கும், வேண்டிய துணி அதே வீட்டில் மரப்பெட்டிக்குள் கிடக்கும். பாட்டியின் சுங்குடி, அம்மாவின் கண்டாங்கி, ஓரம் கிழிந்த காஞ்சீபுரம் பட்டு ஆகிய இவற்றின் கதியைச் சொல்லவும் வேண்டுமோ? நூல்புடவைகள் பாத்திரக்காரரிடம் போய் எவர்சில்வர் தட்டாக மாறி வருகின்றன. பட்டோ, "பழைய பட்டுப் புடவை" என்று தெருவில் கூவி வருகிறவரிடம் எடைக்குப் போகிறது. அவர் அதை உடுத்தவா வாங்குகிறார்? சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகத்தான். ஒருத்தி தலைமுறை முழுவதும் தீபாவளிக்கும் சுமங்கலிப் பிரார்த்தனைக்கும் உடுத்திய புடவையில், மிஞ்சுவது சிறிது வெள்ளி! பணமுடையில் விற்பவர்களைப் பற்றி நாம் பேசவில்லை. பெட்டியில் இடம் போதவில்லை என்று விற்பவர்களுக்கே சொல்லுகிறோம்.

பழந்துணியைக் கொண்டு பரிசு செய்வது அவமரியாதை அல்லவா என்று சிலர் கேட்பார்கள். அவர்கள் வங்காளத்துக் 'காந்தா'வைப் பார்க்க வேண்டும். அங்கே நைந்து மெலிந்த வெள்ளை வேஷ்டிகளையும் சேலைகளையும் மூன்று நாலு அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று பரப்பி, சாதாரண ஓட்டுத் தையலாலேயே இணைத்துவிடுவார்கள். வர்ண நூலுக்கும் கடைக்குப் போவதில்லை. கிழிந்த சேலையின் கரையிலிருந்தே இழை இழையாக உருவி எடுத்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு பெரிய தாமரை; நாலு மூலையிலும் நாலு மரம் அல்லது மாங்காய்; இடைவெளியில் ரதம், யானை, படகு, மீன் என்று தைப்பவளுக்குத் தோன்றியதெல்லாம் வரும். குளிருக்குப் போர்த்த ஒருவிதம், புஸ்தகம் சுற்ற ஒருவிதம், கண்ணாடியும் சீப்பும் சுற்றி வைக்க ஒருவிதம், தலையணைக்கு ஒருவிதம் என்று தனித்தனிப் பெயர்களும் உண்டு. பல முறை துவைத்து மெத்தென்று ஆன துணி குழந்தையின் மேனிக்கு உறுத்தாது. அதனால் பிறக்கப் போகிற பேரனுக்கும் பேத்திக்கும் இதைத் தைத்து வைப்பது வழக்கம். பழந்துணி என்பதே அதன் கௌரவம்.

இத்தகைய காந்தாக்களைக் கிராமம் கிராமமாகத் தேடித் திரட்டியவர் குருசதய தத்தர் (1882 – 1941). ஐ.ஸி.எஸ். உத்தியோகஸ்தரான அவர், பெரிய மனிதர்கள் கந்தல் என்று தள்ளியவற்றைக் கலை என்று எடுத்து வைத்தார். கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் அவர் பெயரால் அமைந்த காட்சிசாலைக்குரிய காந்தாக்களில் ஒன்று மானதாசுந்தரி என்ற பெண்மணி சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் தைத்தது. தன் தகப்பனாருக்காகத் தன் கையால் செய்தது என்று அவளே அதில் நூலால் எழுதி வைத்திருக்கிறாள். அவளைப் பற்றி வேறு எந்த ஏட்டில் யார் எழுதி வைத்தார்கள்? அந்த ஒரு வரியினால் அவள் இன்னும் நம்மிடையே இருக்கிறாள். கவி ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட கதைப்பாட்டு ஒன்றில், கணவனைப் பிரிந்த கிராமப் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, தன் சமாதியின்மீது அதை விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். வங்காளிகளுக்கு ஊசி நூல் என்றால் அவ்வளவு பெரிய விஷயம்.

நம் கையில் அவ்வளவு பெரிய போர்வை வேண்டாம். ஒரு திண்டு உறையிலிருந்து ஆரம்பிக்கலாம். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உட்கார்ந்து உட்கார்ந்து இழைந்த பாகம் சல்லடை போலத் தெரியும், அதைத் தள்ளிவிடுங்கள். முந்தானையும், இடுப்பில் செருகும் உள்முனையும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று சோதிப்பது அவசியம். ஒட்டினால் அந்தப் புடவையை வெள்ளைத் துணியோடு சேர்க்கவே கூடாது. பழம் பட்டு மடிப்பிலேதான் முதலில் இற்றுப்போகும். ஆகையால் மடிப்பு விழுந்த இடத்தை விலக்கி வெட்டி, அடியில் மெல்லிய மல் துணியை வைத்துத் தைத்தால் இன்னும் பல வருஷம் உழைக்கும்.

பதினாறு அங்குலச் சதுரத் திண்டுக்கு முன்பக்கம் 17 அங்குலச் சதுரம் வேண்டும். பின்பக்கத்துக்கு 17 அங்குல உயரமும் 12 அங்குல அகலமும் உள்ள இரண்டு துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு நீளப் பக்கத்தை ஓர் அங்குலம் மடித்து ஓரம் அடித்துவிட்டு, இரண்டும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க, சுற்றிலும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்பினால் உறை தயார். பொத்தானும் வேண்டாம், 'ஜிப்'பும் வேண்டாம். துணி அடுக்கைக் காந்தா மாதிரி தைப்பதானால், முதலில் பெரிய பெரிய தையலாக நூலோட்டிக்கொள்ள வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வர வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே போனால் நடுவில் துணி கொப்புளம் போல எழும்பி நிற்கும். ஊசியில் ஒரு முழத்துக்கு மேல் நூல் கோத்தால் சிக்கு விழும். அவசரக்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள்; ஒரு மாலை சிக்கெடுத்தபின் நம்புவார்கள்.

வாசல் தோரணம் தைக்க விரும்புகிறவர்களுக்கு வடநாட்டு மாதிரிப் படங்கள் தேவையே இல்லை. தேர்த் திருவிழாவில், தேரைச் சுற்றி நீண்ட குழாய் போலத் தொங்கி ஆடும் 'தொம்பை'களைப் பார்க்காதவர் யார்? தஞ்சை, கும்பகோணம் பக்கத்துத் தையற்காரர்கள், வர்ணத் துணியைத் தாமரை, அன்னம், யாளி என்று வெட்டி வேறொரு துணிமீது வைத்துத் தைக்கும் வேலை அது. தோரணமும் மேற்கட்டியும் அதே கையிலிருந்து வருபவைதாம். தூரத்திலிருந்து பார்ப்பதற்கென்றே செய்வதால் பெரிய உருவம், அழுத்தமான நிறம், சிறு சிறு நுணுக்கங்கள் கிடையா. புதிதாகத் தைக்கப் பழகுகிறவருக்கு இதைவிட உகந்த பாடம் ஏது? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று நாலு துண்டு இருந்தால் ஓர் ஆதிவாரத்தில் நல்ல தோரணம் ஒன்று தொங்கவிடலாம்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கட்சுப் பிரதேசத்தில் ரபாரி என்ற ஆயர் குலத்தார் இருக்கிறார்கள். அவர்களுடைய கண்ணாடிச் சில்லு பதித்த பூத்தையல் உலகப் பிரசித்தமானது. பெண் தானே தைத்த பாவாடை, ரவிக்கை, தோரணம், பைகள் ஆகியவற்றைச் சீராகக் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். அன்பின் அடையாளமாக இருந்தது, நாளடைவில் கணக்காக மாறிற்று. இத்தனை உருப்படி முடிந்தால்தான் புக்ககம் போகலாம் என்றாகி, பெண்கள் புருஷன் வீடு போவதே வருஷக் கணக்கில் தள்ளிப்போயிற்று. முடிவில், தேபரியா ரபாரிகள் என்னும் பிரிவின் பெரியவர்கள் 1995-இல் அந்தப் பூத்தையலையே தங்கள் சமூகத்தில் தடுத்துவிட்டார்கள். அதற்காகப் பெண்கள் சும்மா இருந்துவிடவில்லை; கடையில் கிடைக்கும் நாடாக்களையும் ஜரிகைப் பட்டைகளையும் யந்திரத்தால் தைத்து வேறொரு புது அழகைக் கண்டுபிடித்தார்கள். நம் வீடுகளிலும், "உங்கள் பெண் எங்களுக்கு என்ன தைத்துக் கொண்டு வந்தாள்?" என்று கேட்கும் நாள் வந்தால், அன்றே ஊசியை எறிந்துவிடலாம் என்பது நமது அபிப்பிராயம்.

இன்னொன்று. வீட்டில் ஒரு திண்டு உறைக்கு ஓட்டுத் தையலால் பூப் போட்டவருக்கு, அதற்கு எத்தனை மாலை ஆயிற்று என்பது தெரியும். ஆறோ, எட்டோ இருக்கும். அதே வேலைப்பாடுள்ள உறை கண்காட்சியில் மிக மலிவாகக் கிடைக்கிறதென்றால், அந்த எட்டு மாலைகளின் கூலி எங்கே போயிற்று? எங்கோ ஒரு கிராமத்தில் உருப்படிக்கு இவ்வளவு என்று வாங்கித் தைத்தவளின் பங்கிலிருந்துதானே குறைந்திருக்க வேண்டும்? பொழுதுபோக்காகத் தைத்துப் பழகியவர்களாவது அங்கே பேரம் பேசாமல் இருக்கலாம். "என்ன, நாலு தையல்தானே?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஊசியில் நூல் கோத்தறியாதவர்கள்.

அப்படிக் கோத்தறியாதவர்களில் ஆண்கள்தாம் அதிகம் என்பதைச் சொல்லவா வேண்டும்? தையல் என்றால் பெண் வேலை என்ற எண்ணம் நம் படித்த குடும்பங்களில்தான் வேரூன்றியிருக்கிறது. தொம்பை தைக்கும் தஞ்சைத் தையற்காரருக்கு அப்படி ஒரு சந்தேகம் எழுந்ததே கிடையாது. 1924-ஆம் வருஷத்தில் ஜி. ராமச்சந்திரன் என்ற வாலிபர், யந்திரங்கள் எல்லாவற்றையுமே தாங்கள் எதிர்க்கிறீர்களா என்று காந்திஜியைக் கேட்டார். பிற்காலத்தில், 1947-இல், டாக்டர் சௌந்தரம் அம்மையாருடன் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தவர் இவரே. ஸிங்கர் தையல் யந்திரத்தை ஒரு விலக்காகக் காட்டினார் மகாத்மா. மனைவி ஓயாமல் கையால் தைத்துக் கஷ்டப்படுவதைக் கண்டு மனம் பொறாமல் ஒருவன் செய்த யந்திரம் அது என்பது அவர் சொன்ன காரணம். யந்திரம் செய்து கொடுத்த புருஷனைப் பாராட்டுவோம். நம் வீட்டுப் பையன்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கோடை விடுமுறையில் தங்கள் சட்டைப் பொத்தானைத் தாங்களே தைத்துக்கொள்ளக் கற்று, பிறகு அம்மாவின் பழம் புடவையில் அவளுக்கே ஒரு சுருக்குப் பை தைத்துக் கொடுக்கட்டும். கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அதில்தான் அவள் சில்லறை போட்டு வைப்பாள்.