பலகையைப் பார்க்கும் முன் நிலத்தைக் கேட்போம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண் சரிந்தது. அதே மழை களனி கங்கையில் இறங்கி, இங்கே வத்தளையின் தாழ்நிலங்களுக்குள் புகுந்தது. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கீழே வெள்ளத்தில் நின்றபடி, மேலே லயத்தில் அம்மா அப்பா இருக்கிறார்களா என்று போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வீட்டுப் பேச்சு வந்திருக்கிறது. சுவரையும் கூரையையும் தொழிற்சாலையில் செய்து, லொறியில் ஏற்றிவந்து பூட்டும் மரவீடு எந்த அனர்த்தத்தையும் தாங்கும் என்கிறார்கள். "லயத்து ஆட்களுக்குப் பலகைப் பெட்டியா?" என்று நம்மவர் சிலர் கொதிக்கிறார்கள். கோபம் நியாயமானது, ஆனால் அது பலகையின் மேல் விழத் தேவையில்லை.

மரம் மட்டமான பொருள் அல்ல. நிலம் அதிர்ந்தால் பாரமான கட்டடத்துக்கே அடி அதிகம். மரம் இலேசானது, வளைந்து கொடுக்கும். 1995இல் ஜப்பானின் கோபே நகரில் பழைய மரவீடுகள் ஏராளமாக விழுந்தது உண்மை. பாரமான ஓட்டுக் கூரையும், உக்கிய தூண்களும், போதாத இணைப்புகளுமே அங்கே ஆளைக் கொன்றன.

காற்றுக்குக் கதை வேறு. இலேசான வீட்டைக் காற்று தூக்கப் பார்க்கும். தகரத்தைக் கைமரத்தோடும், கைமரத்தைச் சுவரோடும், சுவரை அத்திவாரத்தோடும் இரும்புப் பட்டி போட்டு இறுக்க வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் கஞ்சத்தனம் செய்தாலும் கூரை பக்கத்து மலையில்தான் கிடக்கும். வெள்ளத்தில் ஊறினால் மலிவான ஒட்டுப்பலகை உப்பிப் பிரியும். மருந்தேற்றாத மரத்தைக் கறையான் தின்னும். விறகடுப்புக்குத் தீப்பிடிக்காத சுவரும் புகைபோக்கியும் இல்லாத மரவீட்டை நம் பெண்கள் ஒரு நாளும் ஏற்கக் கூடாது. வடக்கில் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று 2016 வாக்கில் ஒரு திட்டம் வந்தது. வீடொன்று சுமார் 21 லட்சம் ரூபாய். வெக்கை, அடுப்பு, ஆயுள் எல்லாம் பற்றி மக்களும் பொறியியலாளர்களும் கேள்வி கேட்டார்கள். கல்வீடுதான் வேண்டும் என்றார்கள். அவர்களுக்குக் கேட்க முடிந்ததை நமக்கும் கேட்கத் தெரியும்.

ஆனால் மண்சரிவை எந்தச் சுவர் தாங்கும்? மரமும் தாங்காது, சீமெந்தும் தாங்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களைப் புதைத்தது மலையே. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை இருந்தது. போகச் சொன்னார்கள்; எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. கையில் ஒரு பேர்ச் நிலம் இல்லாதவன் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தப்பியவர்கள் ஈராண்டளவு தேயிலைத் தொழிற்சாலையில் கிடந்த பிறகுதான், 2016இல் மாகல்தெனியவில் 75 வீடுகள் கைக்கு வந்தன.

ஆகவே "தற்காலிகம்" என்ற சொல்லைக் கேட்டால் நமக்குப் பயம் வருகிறது. லயனும் ஒரு காலத்தில் தற்காலிகம்தான். இருநூறு வருஷமாகிறது! சரிவில் மேட்டை வெட்டிச் சமப்படுத்தி, அதன் அடியில் மரவீட்டை நிறுத்தினால் அடுத்த மழைக்கு நாமே குழி வெட்டியதாகும். சரிவை வெட்டாமல் தூண்களின் மேல் எழுப்பலாம். இலேசான மரத்துக்கு அந்த வசதி உண்டு. அதைச் செய்கிறேன் என்று எந்த ஒப்பந்தக்காரர் எழுதித் தருவார்?

தோட்டக் கமிட்டித் தோழர்களே, வீட்டுப் பட்டியலோடு யார் வந்தாலும் கையெழுத்துக்கு முன் மூன்று கடதாசி கேளுங்கள்: இந்த இடத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துக் கொடுத்த அறிக்கை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் காணி உறுதி, கூரை, அத்திவாரம், மரத்தின் மருந்து பற்றிய எழுத்துமூல உத்தரவாதம். மூன்றும் இருந்தால் மரவீட்டைப் பற்றிப் பேசலாம். இல்லாவிட்டால் கடதாசியின் பிரதியை எடுத்துக்கொண்டு சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.