எலானோ ஓய்வெடுக்க வந்தவரல்ல

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் பழனி அடிவாரத்து டீக்கடைகளில் மெஸ்ஸியா நெய்மரா என்று அனல் பறக்கும். பாலக்காட்டுப் பக்கமிருந்து மலைக்கு வரும் மலையாளிகளும் நம் பையன்களோடு சேர்ந்துகொள்வார்கள். அங்கே பிரேசில் ஆட்டக்காரர் எலானோ பேரை எடுத்தால் பாதிப் பேருக்கு ஆளையே தெரியாது. தெரிந்தவர்களோ, "வயசான காலத்துல காசுக்காக சென்னைக்கு வந்தவர்தானே" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இந்தியன் சூப்பர் லீக் கால்பந்துக்கு, அதாவது ஐஎஸ்எல்லுக்கு வந்த பழைய நட்சத்திரங்கள் எல்லோரையும் பற்றி நாடு முழுக்க இதே பேச்சுதான். எலானோ விஷயத்தில் இது பச்சைப் பொய்.

2014இல் சென்னையின் எஃப்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 33. கோவாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே ப்ரீ கிக்கில் கோல். மும்பையை 5-1 என்று துவைத்தெடுத்த ஆட்டத்தில் இரண்டு. அந்த சீசனில் 11 ஆட்டங்களில் 8 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார். அவர் நடுக்கள ஆட்டக்காரர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கோலடிப்பதையே தொழிலாகக் கொண்ட முன்கள வீரர்கள் அத்தனை பேரும் அவருக்குப் பின்னால்தான் நின்றார்கள். அதே ஆண்டு டெல்லிக்கு ஆடிய பழைய நட்சத்திரம் தெல் பியரோ அடித்தது ஒரே ஒரு கோல். ஆனாலும் அந்த சீசனைப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது தெல் பியரோவின் பெயரைத்தான்.

புகழ் எப்படிச் சேருகிறது என்பதற்கு எலானோவின் வாழ்க்கையே சாட்சி. 2006இல் லண்டனில் அர்ஜென்டினாவை பிரேசில் 3-0 என்று வென்றபோது இரண்டு கோல் அவருடையவை. 2010 உலகக் கோப்பையில் வட கொரியாவுக்கு எதிராக ஒன்று, ஐவரி கோஸ்ட்டுக்கு எதிராக ஒன்று. அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் காலில் அடிபட்டு வெளியேறினார். திரும்ப இறங்கவே முடியவில்லை. அவர் இல்லாத பிரேசில் காலிறுதியில் நெதர்லாந்திடம் தோற்று ஊர் திரும்பியது. அந்த அணியில் விளம்பர வெளிச்சம் முழுக்க காக்கா மீதும் ரொபின்யோ மீதும்தான் விழுந்தது. 50 ஆட்டங்களில் பிரேசிலின் மஞ்சள் சட்டையைப் போட்டவரை உலகம் மறந்தது இப்படித்தான். அதற்கும் அவருடைய ஆட்டத்தின் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

காசு வாங்கினார் என்கிறார்கள். வாங்கட்டும். இருபது வயதில் ஐரோப்பாவுக்குப் போகிறவனும் காசுக்குத்தான் போகிறான். அவனை யாரும் கூலிக்காரன் என்று சொல்வதில்லை. 2015இல் அவர் கோல்கள் நான்காகக் குறைந்தது உண்மை. அந்த ஆண்டு சென்னை அணிக்காக 13 கோல் அடித்தவர் கொலம்பியாவின் மெண்டோசா; கூடவே ஜேஜே இருந்தார். அந்த இளைஞர்களுக்கு முன்னால் எலானோ கேப்டனாக நின்றார். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதியாட்டம் 3-2 என்று முடிந்தது, தமிழ்நாட்டு அணி முதன்முறையாக ஐஎஸ்எல் கோப்பையைத் தூக்கியது. மெஸ்ஸியை நம் பையன்கள் டிவியில்தான் பார்த்தார்கள். நமக்காக வியர்வை சிந்தி ஆடிய பிரேசில்காரர் இவர்.