லொதார் எழுதாத நாட்குறிப்பு

படக்கதை பற்றிச் சிற்றிதழ் வட்டாரத்தில் இரண்டு குரல்களே கேட்கின்றன. ஒன்று, ‘அதெல்லாம் இலக்கியமா?’ என்னும் உதட்டுச் சுழிப்பு. மற்றொன்று, அரைக்கால் சட்டைப் பருவத்தை எண்ணிக் கசியும் ஏக்கம். இரண்டோடும் நமக்கு உடன்பாடில்லை. இரு தரப்பாருமே படக்கதையை வாசிப்பதில்லை என்பதுதான் காரணம்.

முத்தியால்பேட்டையில் நண்பர்கள் கூடியிருந்த ஒரு மாலையில் மாண்ட்ரேக் பேச்சு வந்தது. 1972இல் சிவகாசியில் தொடங்கப்பட்ட முத்து காமிக்ஸ், இந்திரஜால் காமிக்ஸ் ஆகியவற்றின் வழியே தமிழில் நாம் படித்த கதைகள். ‘மாண்ட்ரேக், லொதார் போல நட்பு உண்டா? ஒருவர் மூளை, மற்றவர் புஜபலம்!’ என்று நண்பர் ஒருவர் உருகினார். சண்டை அங்கேதான் மூண்டது.

லீ ஃபாக் எழுத, ஃபில் டேவிஸ் வரைய, 1934இல் பிறந்த தொடர் அது. சூப்பர்மேன் வந்தது 1938இல். ஆகவே முதல் அதிநாயகன் மாண்ட்ரேக்கே என்பாரும் உளர். கையசைப்பிலேயே எதிரியை மயக்கும் வெள்ளைக்கார மந்திரவாதி அவர். லொதாரோ ஆப்பிரிக்க இளவரசன். அரியணையைத் துறந்து அவருடன் வந்தவன். வந்தவனுக்குக் கிடைத்தவை சிறுத்தைத் தோல், துருக்கித் தொப்பி, கொச்சை ஆங்கிலம், ஏவல் வேலை. இதன் பெயரா நட்பு?

‘அந்தக் காலத்தில் கறுப்பர் ஒருவரை நாயகனுக்குப் பக்கத்தில் நிறுத்தியதே பெரிதல்லவா?’ என்பார்கள். பெரிதுதான், மறுக்கவில்லை. 1965இல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரையத் தொடங்கிய பின் லொதாரின் உடையும் பேச்சும் திருந்தின. ஆனால் திருத்தும்படி இருந்தது என்பதைப் படைத்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகும் நம்மவர்கள் பழைய லொதாரையே நினைத்து உருகுவது ஏன்?

புதுச்சேரிக்காரர்கள் இதில் ஏமாறக் கூடாது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சு ஆட்சி கோடு கிழித்த ஊர் இது. இங்கேயும் ஒரு விசித்திர இணை இருந்தது: குவர்னர் துய்ப்ளேயும் அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையும். துரைக்கு அருகில் நின்ற அந்தத் தமிழர் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். துரையின் கோபமும் பேராசையும் துரைசாணியின் தலையீடும் தமிழில் பதிவாயின. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ அந்த ஏடுகளின்றி ஏது? பக்கத்தில் நின்றவர் எழுதியதால்தான் அந்த உறவின் உள்முகம் நமக்குத் தெரிகிறது.

லொதாருக்கு அப்படி ஒரு நாட்குறிப்பு இல்லை. அவன் என்ன நினைத்தான் என்று கேட்பது விமர்சகரின் வேலை. நாவலுக்கும் சினிமாவுக்கும் பக்கங்கள் ஒதுக்கும் சிற்றிதழ்கள் அந்தக் கேள்விக்கு நான்கு பக்கம் ஒதுக்கட்டும். ‘அதெல்லாம் இலக்கியமா?’ என்பதை அதன் பிறகு பேசிக்கொள்வோம்.